கம்பியும் சட்டமும் – 7: ஆளி யார் கையில்?

கொழும்பையும் காலியையும் 1858இல் தந்திக் கம்பி இணைத்த நாளிலிருந்து, கம்பி போன இடமெல்லாம் சட்டமும் பின்னாலேயே போன கதையைச் சென்ற பகுதிகளில் பார்த்தோம். இந்தப் பகுதி கம்பியை அறுத்த கதை. 2018 மார்ச் 7ஆம் திகதி, கண்டி மாவட்டத்தில் கடைகளும் வீடுகளும் எரிந்துகொண்டிருந்த வேளையில், நாடு முழுவதும் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், வைபர், இன்ஸ்டாகிராம் ஆகியவை முடக்கப்பட்டன. கண்டி மாவட்டத்தில் இணைய இணைப்பே பல இடங்களில் படுத்துவிட்டது. இலங்கையில் இவ்வளவு பரந்த அளவில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டது அதுவே முதல் தடவை. முடக்கியது சரியா, தவறா என்று அன்று தொடங்கிய வாதம் இன்றும் ஓயவில்லை. என் வாதம் சற்று வேறு. அன்று முதன்மையாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, முடக்கும் அதிகாரம் எந்தச் சட்டத்தில், எந்த நிபந்தனையோடு, யாருக்குப் பதில் சொல்லும் கடமையோடு இருக்கிறது என்பதுதான். கண்டியின் நூறாண்டு வரலாற்றை எடுத்துப் பார்த்தால், கணக்குச் சொல்ல வேண்டாத அதிகாரம் இந்த ஊரைக் காப்பாற்றியதாக ஒரு சான்றும் இல்லை.

முதலில் சட்டத்தின் உள்ளமைப்பைப் பார்ப்போம். 1991இன் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டம் பிறந்ததன் நோக்கம் வளர்ச்சி. அரச திணைக்களமாக இருந்த தொலைபேசிச் சேவையைக் கூட்டுத்தாபனமாக்கி, தனியாருக்கும் வழிவிட்டு, உரிமம் வழங்கும் முறையை ஒழுங்கு செய்தது அது. 1996இன் 27ஆம் இலக்கத் திருத்தம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவை உருவாக்கியது. அதே காலத்தில் கம்பியில்லா வீட்டுத் தொலைபேசி நிறுவனங்கள் வந்தன. மறு ஆண்டே ஸ்ரீலங்கா டெலிகொமின் 35 வீதப் பங்கை ஜப்பானின் என்டிடி வாங்கியது. வருடக்கணக்கில் தொலைபேசிக்கு விண்ணப்பித்துக் காத்திருந்த நாட்டில் சில ஆண்டுகளுக்குள் கைப்பேசி சாதாரணப் பொருளாயிற்று என்றால், அதில் இந்தச் சட்டத்துக்குப் பெரும் பங்குண்டு. ஆனால் வளர்ச்சிக்கான அதே சட்டத்தின் 69ஆம் பிரிவு, பொது அவசரநிலையின்போது அல்லது பொதுமக்களின் பாதுகாப்பையும் அமைதியையும் கருதி, செய்திகளை அனுப்பாமல் நிறுத்தவும் இடைமறிக்கவும் ஆணையிடும் அதிகாரத்தை அமைச்சருக்குத் தருகிறது. இந்தச் சொற்கள் புதியவை அல்ல. 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவைப் படித்தவர்களுக்குக் குடும்பச் சாயல் உடனே தெரியும். இதோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: ஆணைக்குழுவின் தலைவர் பொறுப்பான அமைச்சின் செயலாளர். உரிமம் கொடுக்கும் கையும் முடக்கும் ஆளியை அழுத்தும் கையும் ஒன்றேயாகிவிட்டன. உரிமத்தை நம்பிப் பிழைக்கும் நிறுவனம், அந்தக் கையிலிருந்து வரும் அறிவுறுத்தலை 'எந்தப் பிரிவின் கீழ்?' என்று திருப்பிக் கேட்கும் என எதிர்பார்ப்பது வீண்.

இனி 2018இன் நாட்குறிப்பு. பெப்ரவரி 22ஆம் திகதி தெல்தெனியவில் வீதித் தகராறு ஒன்றில் சிங்கள லொறிச் சாரதி ஒருவர் முஸ்லிம் இளைஞர் சிலரால் தாக்கப்பட்டார். மார்ச் 3ஆம் திகதி அவர் வைத்தியசாலையில் இறந்தார். மறுநாளிலிருந்து, கண்டியிலிருந்து மஹியங்கனை போகும் வீதியில் உள்ள திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. எரிந்த வீடொன்றுக்குள் ஒரு முஸ்லிம் இளைஞரின் உடல் கிடந்தது. ஊரடங்குச் சட்டம் போடப்பட்டது. மார்ச் 6இல் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, 1947இன் 25ஆம் இலக்கப் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தார். மார்ச் 7இல் சமூக ஊடகங்கள் முடங்கின. முடங்கிய அன்றும் கட்டுகஸ்தோட்டை, அக்குறணைப் பக்கங்களில் தாக்குதல் தொடர்ந்தது. இந்தத் திகதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று துலங்கும். தாக்குதலுக்கும் மரணத்துக்கும் இடையில் ஒன்பது நாட்கள் இருந்தன. அந்த ஒன்பது நாட்களில் பழிவாங்கும் அழைப்புகள் பகிரங்கமாகவே சுற்றின. 2007ஆம் ஆண்டிலிருந்தே நடைமுறையில் இருக்கும் குடியியல், அரசியல் உரிமைகள் மீதான சர்வதேச உடன்படிக்கைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, இன, மத வெறுப்பைத் தூண்டி வன்முறைக்கு அழைப்பதைப் பத்தாண்டு வரை சிறை வைக்கத்தக்க குற்றமாக்கியிருக்கிறது. தூண்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட மகசோன் பலகாய அமைப்பின் தலைவர் கைதானதோ மார்ச் 8இல், ஊர் எரிந்த பிறகு. குறி பார்த்து அடிக்கும் சட்டம் உறையில் கிடக்க, எல்லாரையும் மூடும் ஆளிதான் முந்திக்கொண்டது.

இதற்கு ஒரு கிழமை முன்னர் அம்பாறையில் நடந்ததையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் பரிமாறிய உணவுக்குள் ஏதோ கட்டியாகத் தென்பட்டது. சிங்களவர்களை மலடாக்கும் மாத்திரை அது என்று ஒரு கூட்டம் சேர்ந்தது. கடைக்காரரை மிரட்டி 'ஒப்புக்கொள்ள' வைத்த காணொளி ஃபேஸ்புக்கில் ஓடியது. கடைகளும் பள்ளிவாசலும் அடிபட்டன. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் சோதித்துச் சொன்னது, அது வெறும் மாக்கட்டி என்று. அப்படியொரு மாத்திரையே உலகில் இல்லை என்று மருத்துவ உலகம் சொன்னது. சரியாகக் கரையாத ஒரு பிடி மாவு ஒரு நகரத்தின் அமைதியைக் குலைத்தது. அந்த மாக்கட்டியின் பொய்யை உடைக்கத் தேவைப்பட்டவை மூன்று: விரைந்த சோதனை, அந்த முடிவை மக்களின் மொழிகளில் உடனே சொல்லும் அரச வாய், மிரட்டிக் காணொளி எடுத்தவர்கள்மீது வழக்கு. மூன்றுக்கும் சட்டத்தில் இடமிருந்தது. மூன்றும் அந்தக் கிழமையில் நடந்திருந்தால், கண்டியில் அடுத்த வதந்திக்கு இவ்வளவு ஈரமான மண் கிடைத்திருக்காது. மாறாக, உண்மையைச் சொல்வதற்கும் அதே ஃபேஸ்புக்தான் வழி என்றிருந்த நாளில் வழியே மூடப்பட்டது. அக்குறணையில் அடைந்து கிடந்த ஒரு குடும்பம் கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் உறவினரின் நலம் கேட்க நினைத்தாலும் கதவு அதேதான்.

வதந்திக்குக் கண்டியில் வாட்ஸ்அப் தேவைப்பட்டதில்லை என்பதை 1915 சொல்லும். கம்பளையில் வலஹகொட தேவாலயப் பெரஹரா பள்ளிவாசலைக் கடந்து போகும்போது மேளம் அடிக்கலாமா என்ற வழக்கில், 1914இல் கண்டி மாவட்ட நீதிபதி போல் ஈ. பீரிஸ் தேவாலயத்துக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். மறு ஆண்டு பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. மே 28ஆம் திகதி வெசாக் இரவில், கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலருகே பக்திப்பாடல் ஊர்வலமொன்றால் மூண்ட கைகலப்பு, ரயில் பாதையைத் தொடர்ந்து ஊர் ஊராகப் பரவி, ஜூன் முதல் நாளுக்குள் கொழும்பை எட்டியது. உலகப் போரின் பொருட்டுத் தந்திகள் அப்போது தணிக்கையில் இருந்தன. கம்பியை அரசாங்கம் இறுக்கிப் பிடித்திருந்த காலம் அது. வதந்தியோ ரயில் பெட்டியிலும் சந்தையிலும் வாய் வழியாகவும் ஓடியது. ஆளுநர் ரொபர்ட் சாமர்ஸ் ஜூன் 2இல் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். அது ஓகஸ்ட் இறுதி வரை நீடித்தது. அரசின் கணக்கிலேயே 86 பள்ளிவாசல்களும் 4,075 கடைகளும் சேதமடைந்தன. கலவரக்காரர்கள் கொன்றவர்களைவிட இராணுவமும் பொலிஸும் சுட்டுக் கொன்றவர்கள் அதிகம். அந்த மூன்று மாதங்களில் அதிகாரிகள் செய்தவற்றுக்கு எதிராக யாரும் வழக்குப் போடாதபடி காப்பளிக்கும் ஆணையும் அதே ஆண்டில் வந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் சட்டநிர்ணய சபையிலும் பின்னர் இலண்டனிலும் நின்று வாதாடியது இந்தக் கணக்கில்லா அதிகாரத்துக்கு எதிராகத்தான். கலவரத்தில் அடிபட்ட முஸ்லிம்களின் வேதனைக்கு அவர் போதிய இடம் கொடுக்கவில்லை என்ற மனக்குறை முஸ்லிம் சமூகத்தில் நெடுங்காலம் இருந்தது. அது நியாயமான குறையே. ஆனாலும் கணக்குச் சொல்லாத அதிகாரம், தான் காப்பாற்ற வந்தவர்களையும் கடைசியில் காப்பாற்றுவதில்லை என்ற அவரது வாதத்தின் சட்டப் பகுதி பொய்த்துப் போகவில்லை. 1947இல் வேலைநிறுத்த அலைக்கு நடுவே வந்த பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், நல்லெண்ணத்தில் செய்ததாகச் சொல்லும் அலுவலரை வழக்கிலிருந்து காக்கும் அதே பழைய காப்பைத் தன்னுள் வைத்துக்கொண்டது.

இங்கே எழும் முதல் மறுப்பு வலுவானது. ரயிலில் போன வதந்தி கொழும்பை எட்ட நான்கு நாள் பிடித்தது. வாட்ஸ்அப்பில் நான்கு நிமிடம் போதும். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தலாமா என்று கேட்பார்கள். நிறுத்த முடியாது, ஒப்புக்கொள்கிறேன். வேகம் கூடியபோது ஆபத்தும் கூடியது. எந்தத் தெருவில், எந்த நேரத்தில் கூடுவது என்று கும்பல்கள் தமக்குள் சொல்லிக்கொள்ளக் கைப்பேசிக் குழுக்களைப் பயன்படுத்தின என்பதும் உண்மை. சில மணி நேரத்துக்கு, ஒரு குறித்த பிரதேசத்தில், ஒரு குறித்த சேவையை நிறுத்துவது உயிரைக் காக்கும் என்றால் அதை எந்த நியாயமான சட்டமும் தடுக்காது. ஆனால் அந்த நியாயம் திகனவுக்குத்தான் பொருந்தும். யாழ்ப்பாணத்துக்கும் மாத்தறைக்கும் எப்படிப் பொருந்தும்? சில மணி நேரத்துக்குப் பொருந்தும். எட்டு நாளைக்கு எப்படிப் பொருந்தும்? தவிர, தடையைத் தாண்டும் விபிஎன் செயலிகளை அந்தக் கிழமையில் பள்ளிப் பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள். முனைப்பாக வெறுப்பைப் பரப்புகிறவன் அதைத் தேடி இறக்கிக்கொள்வான். பக்கத்து ஊரில் மகளின் நிலை அறியத் தவிக்கும் தாய் இறக்கிக்கொள்ள மாட்டாள். வேகத்தைக் காரணம் காட்டும் வாதம், ஆளியை அழுத்துமுன் அதன் எல்லையையும் நேரத்தையும் எழுதி வைக்க வேண்டும் என்பதற்கே கூடுதல் காரணமாகிறது.

இரண்டாவது மறுப்பு, ஃபேஸ்புக் போன்ற வெளிநாட்டு நிறுவனத்தை வழிக்குக் கொண்டுவர அரசுக்கு வேறு பிடி இருக்கவில்லை என்பது. இதிலும் பாதி உண்மை. சிங்களத்தில் எழுதப்படும் வெறுப்பை இனங்காண அந்த நிறுவனம் போதிய ஆட்களை வைத்திருக்கவில்லை. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் ஃபேஸ்புக்கில் வளரும் வெறுப்புப் பேச்சைப் பற்றி 2014இலேயே, முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறையில் அளுத்கமை எரிந்த ஆண்டிலேயே, ஆய்வறிக்கை வெளியிட்டு எச்சரித்திருந்தது. நான்கு ஆண்டுகள் அந்த நிறுவனம் அசையவில்லை. 2020 மே மாதத்தில்தான், வெளியார் செய்த மனித உரிமை மதிப்பீட்டை வெளியிட்டுத் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டது. எனவே அதை அழுத்தியது தவறில்லை. ஆனால் அந்த நான்கு ஆண்டுகள் அரசுக்கும் இருந்தனவே. தடை நீங்கிய விதத்தையும் கவனியுங்கள்: நீதிமன்றம் சொல்லி நீங்கவில்லை, மீளாய்வுக் குழு கூடி நீக்கவில்லை. நிறுவனத்தின் பிரதிநிதிகள் கொழும்புக்கு வந்து ஜனாதிபதியின் செயலாளரைச் சந்தித்துப் பேசிய பின், மார்ச் 15இல் ஃபேஸ்புக் திரும்பியது. கண்டி மக்களின் தொடர்பாடல் உரிமை, அரசும் நிறுவனமும் பேரம் பேசும் மேசையில் பணயப் பொருளாயிற்று. நிறுவனத்தைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும் என்பது ஒன்று. மக்களை இருட்டில் வைத்து நிறுவனத்தை அழைப்பது வேறொன்று.

எழுத்தில் எல்லை இல்லாத அதிகாரம் ஒரே இடத்தில் நிற்காது என்பதற்கு அடுத்த நான்கு ஆண்டுகளே சாட்சி. 2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள் நடந்த அன்று சமூக ஊடகங்கள் மறுபடி முடக்கப்பட்டன. மே மாதத்தில் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை வெடித்தபோது இன்னொரு தடவை. மூன்றுக்கும் இனவன்முறை, பயங்கரவாதம் என்ற காரணம் இருந்தது. 2022 ஏப்ரல் 3ஆம் திகதியோ காரணம் வேறு: மின்சாரமும் எரிவாயுவும் இல்லாமல் தெருவுக்கு வந்த மக்களின் போராட்டம். பாதுகாப்பு அமைச்சின் கோரிக்கைப்படி என்று சொல்லி அதே ஆளி அழுத்தப்பட்டது. அன்றைய அமைச்சர் நாமல் ராஜபக்சவே விபிஎன் வழியாக டுவிட்டருக்கு வந்து, இத்தகைய தடைகள் பயனற்றவை என்று எழுதினார். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு அதிகாரிகளை அழைத்து விசாரித்தது. தடை ஒரு நாளைக்குள்ளேயே விலகியது. திகனவில் முஸ்லிம் வீடுகளைக் காப்பாற்ற என்று ஏற்றுக்கொண்ட ஒரு பழக்கம், நான்கே ஆண்டுகளில் ஆட்சியைக் காப்பாற்றும் பழக்கமாகத் திரும்பியது. 2018இல் தடையை வரவேற்ற பலரும் 2022இல் அதை எதிர்த்தார்கள். நோக்கம் மாறிய அளவுக்கு முறை மாறவில்லை. முறை என்று எழுத்தில் ஒன்று இருந்தால்தானே மாறுவதற்கு.

அப்படியானால் புதிய சட்டம் கொண்டுவந்தார்களே, நிகழ்நிலைக் காப்புச் சட்டம் அந்தக் குறையைத் தீர்க்காதா என்பது மூன்றாவது மறுப்பு. 2024இன் 9ஆம் இலக்கமான அந்தச் சட்டம் அந்த ஆண்டு ஜனவரி 24இல் பாராளுமன்றத்தில் நிறைவேறி, பெப்ரவரி முதல் நாள் சபாநாயகரின் சான்றுரை பெற்றது. ஐவர் கொண்ட ஆணைக்குழு ஒன்று எது பொய்க் கூற்று என்று முடிவு செய்து, அதை நீக்கவும் அணுகலைத் தடுக்கவும் பணிக்கலாம் என்பது அதன் அடிப்படை. உயர் நீதிமன்றம் கேட்ட திருத்தங்கள் முழுதாகச் சேர்க்கப்படவில்லை என்ற குற்றச்சாட்டில் சபாநாயகருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணையே வந்து தோற்றது. கண்டிக்குத் தேவைப்பட்டது பொய்யைத் தீர்மானிக்கும் ஆணைக்குழு அல்ல. வன்முறைக்கான அழைப்பு 2007இலிருந்தே குற்றம். அந்த 2007ஆம் ஆண்டுச் சட்டமும் அதுபோன்றவையும் யாரைத் தேடிப் போயின என்பதைத்தான் பார்க்க வேண்டும். 2019இல் சிங்களச் சிறுகதை எழுத்தாளர் சக்திக சத்குமார, ஒரு கதைக்காக அதே மூன்றாம் பிரிவின் கீழ் நான்கு மாதத்துக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். 2020இல் தமிழ்க் கவிஞர் அஹ்னாப் ஜஸீம், 'நவரசம்' கவிதைத் தொகுப்புக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதாகி ஒன்றரை ஆண்டுக்கு மேல் தடுப்பில் இருந்தார்; 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. கும்பலைக் கண்டால் பின்வாங்கும் சட்டம், தனியாக நிற்கும் எழுத்தாளனைக் கண்டால் முன்னே வருகிறது. இந்த நோய்க்குப் புதிய சட்டம் எழுதுவது மருந்தாகாது.

பக்கத்து வீட்டில் வேறு வழி ஒன்று இருக்கிறது. அதே 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தை வைத்திருந்த இந்தியா, 2017இல் தொலைத்தொடர்புச் சேவையைத் தற்காலிகமாக நிறுத்துவதற்கென்று தனி விதிகளை வகுத்தது. அந்த விதிகளின்படி உள்துறைச் செயலாளர் நிலையில் உள்ளவர் காரணங்களோடு எழுத்தில் ஆணையிட வேண்டியிருந்தது. மீளாய்வுக் குழு ஐந்து வேலை நாட்களுக்குள் அதைப் பார்க்க வேண்டியிருந்தது. காஷ்மீர் இணைய முடக்கம் பற்றிய அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10இல் இந்திய உச்ச நீதிமன்றம், இத்தகைய ஆணைகள் பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும், காலவரையறையின்றி நீளக் கூடாது, தேவைக்கு மேற்பட்டதாக இருக்கக் கூடாது என்று சொன்னது. இதை எழுதும்போதே எதிர்க் கேள்வியும் காதில் விழுகிறது: உலகிலேயே அதிகமாக இணையத்தை முடக்கும் நாடுகளின் வரிசையில் இந்தியா முன்னணியில் இல்லையா? இருக்கிறது. விதி இருப்பதால் மட்டும் அதிகாரம் அடங்கிவிடாது. ஆனால் விதி இருக்கும் இடத்தில், ஆணையின் பிரதியைக் கையில் பிடித்துக்கொண்டு நீதிமன்றப் படியேற முடிகிறது. 'இந்த வரியின்படி இது செல்லாது' என்று வாதாட முடிகிறது. ஊடக அறிவிப்பையும் வேலை செய்யாத கைப்பேசியையும் மட்டும் பிடித்துக்கொண்டு எந்தப் படியில் ஏறுவது?

இலங்கையில் 2024இன் தொலைத்தொடர்புகள் திருத்தச் சட்டம் உரிம முறைகளை விரித்து, செய்மதி இணையத்துக்கும் கதவைத் திறந்திருக்கிறது. அந்த ஆண்டு ஓகஸ்டிலேயே ஸ்டார்லிங்க் நிறுவனம் உரிமம் பெற்றது. வளர்ச்சிக்கான சட்டத்தை எப்படித் திருத்துவது என்று பாராளுமன்றத்துக்குத் தெரியும் என்பதற்கு இது போதும். ஆளிக்கான சட்டத்தைத் திருத்த அதைவிடக் குறைந்த உழைப்பே போதும். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, எந்தப் பிரதேச செயலாளர் பிரிவுகள், எந்தச் சேவை, எந்த மணியிலிருந்து எந்த மணி வரை, காரணம், கையொப்பமிட்டவரின் பெயரும் பதவியும், மீளாய்வு செய்யும் நீதிபதி, மூன்று மொழிகளிலும் அன்றே வர்த்தமானியில் பிரசுரம். இவ்வளவையும் ஒரு பக்கத்தில் எழுதலாம். 1915இல் அந்தப் பக்கம் இருக்கவில்லை. காசல் ஹில் வீதியில் தொடங்கியது மூன்று மாத இராணுவச் சட்டத்தில் முடிந்தது. 2018இலும் இருக்கவில்லை, திகனவுக்காக என்று அழுத்திய ஆளி 2022இல் போராட்டக்காரர் பக்கம் திரும்பியது. ஆளி எல்லா அரசுக்கும் தேவைப்படலாம். அந்த ஒரு பக்கம் எழுதப்படும் வரை, கண்டியில் அடுத்த தடவை விளக்கு அணையும்போது அணைத்தது எதற்காக என்று கேட்பவர் கையில் காட்ட எழுத்தில் எதுவும் இருக்காது.